ஒட்டிக்கொள்ள ஓர் இடம்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சகாதேவன் இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். நடுவில் ஒரு முறைகூட வெளியே போகவில்லை.

முதல் தடவை வந்தது ஐந்தரைக்கு. கேட்டின் கொண்டி விழும் சத்தம், சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிடும் சத்தம், செருப்பை வாசற்படியில் உதறும் சத்தம். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் சரசுவுக்கு இந்த மூன்றும் சேர்ந்துதான் புருஷன். அடுப்படியிலிருந்தபடியே "காப்பி வைக்கட்டுங்களா" என்றாள். "வை" என்றான். நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றிக்கொண்டே அடுப்படி வாசலைக் கடந்து, கண்ணாடித் தொட்டி வைத்திருந்த அறைக்குள் போனான்.

பால் விளிம்புக்கு ஏறிவந்த நேரத்தில் கொண்டி மறுபடியும் விழுந்தது. ஸ்டாண்ட். செருப்பு. ஒரு நீலக் கட்டச் சட்டை வாசலைக் கடந்து குளியலறைப் பக்கம் போனது. முதுகுதான் தெரிந்தது. அவன் பிடரி, அவன் நடை, இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்திப் போகிற அவன் வழக்கம். சரசு காப்பியை ஆற்றி எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள். தட்டிய வேகத்தில் அது திறந்துகொண்டது. உள்ளே யாருமில்லை. தரை மட்டும் நனைந்திருந்தது. அந்த வீட்டுக் குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீரே வரவில்லை. ஈரத்திலிருந்து கருவாட்டுக் கூடையைத் திறந்தாற்போல ஒரு வாடை எழும்பி அவள் மூக்கில் ஏறியது.

தொட்டி அறையில் சகாதேவன் வெற்று மார்போடு தொட்டிக் கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்தான். சட்டை ஆணியில் தொங்கியது.

"இப்பத்தான் உள்ள வந்தீங்களா?"

"வந்து பத்து நிமிஷம் ஆவுது. இன்னா சரசு?"

"ஒண்ணுமில்லீங்க. காப்பி."

வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எண்பத்தேழாம் வருஷத்து வெயில் அப்படித்தான் இருந்தது. மலையே வெந்து, சாயங்காலம் ஆனால் அந்தச் சூட்டை ஊர்மேல் விட்டது. காதில் விழுந்ததையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தால் குடித்தனம் நடக்காது. ஆனாலும் அன்றைக்குக் காலையில் தன் கண்ணால் பார்த்த ஒன்றை அவளால் கீழே போட முடியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டுதான் பகல் முழுக்க அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்தாள்.

சகாதேவன் கல்லூரியில் விலங்கியல் செய்முறை வகுப்பு எடுக்கிறவன். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் மண்டபம் என்கிற கடலோர ஊரில் வேலை பார்த்தான். திரும்பி வரும்போது எல்லோரும் சங்கும் சிப்பியும் கொண்டுவருவார்கள். இவன் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் ஒரு பவளத்தைக் கொண்டுவந்தான், உயிரோடு. பவளம் என்றதும் சரசு மோதிரக் கல்லை நினைத்துக்கொண்டு ஓடிவந்தாள். வாளிக்குள் இருந்தது மாட்டு நாக்கு நிறத்தில், தடித்த தோலாக, கல்லைக் கவ்விக்கொண்டு ஏதோ ஒன்று. வெளிச்சம் பட்டால் அதன் மேலெல்லாம் கடுகளவு கைகள் முளைக்கும். ஒவ்வொரு கைக்கும் எட்டு விரல். நிழல் பட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும்.

அதை வளர்க்க அவன் பட்ட பாட்டைப் பார்த்து வேங்கிக்கால் ஊரே சிரித்தது. புதிதாக மனை பிரித்த இடத்தில் கட்டிய இரண்டறை வீட்டில், ஒரு அறை முழுக்க அதற்குத்தான். நாலடிக் கண்ணாடித் தொட்டி, மேலே நாலு டியூப் லைட், தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருக்க ஒரு மோட்டார், சூடு தணிக்க ஐஸ் கட்டி போட்ட பை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மரக்காணம் போய்க் கேனில் கடல் தண்ணீர் பிடித்து வருவான். உள்ளே சாராயம்தானே என்று ஒரு கண்டக்டர் மூடியைத் திறந்து நக்கியே பார்த்துவிட்டார். ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாத வருஷத்தில் ஒரு மனுஷன் உப்புத் தண்ணீரைச் சுமந்து வந்து கண்ணாடிக்குள் ஓடவிட்டால் யார்தான் சிரிக்கமாட்டார்கள். சரசுவும் சிரித்தாள், சித்திரை வரைக்கும். சித்திரையில் அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டு இருபத்தொரு நாள் பாயோடு கிடந்தான். பிழைத்து எழுந்தபின் அவன் ஆசைப்பட்ட எதையும் அவள் கிண்டல் செய்யவில்லை.

அந்தப் பயத்தில்தான் அவள் அதைச் செய்தாள்.

ஆடிப் பதினெட்டு அன்று தாலிச் சரடு மாற்றினாள். பழைய சரட்டை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும், கால்பட்ட இடத்தில் போடக்கூடாது. அந்த வருஷம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள்.

"பச்சை மரத்துல கட்டிடு சரசு, ஒண்ணும் தப்பில்ல. நான் எங்க வேப்ப மரத்துல கட்டிட்டேன்" என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள்.

"எங்க வாசல்ல ஏதுக்கா மரம்?"

"அப்ப பத்திரமா எடுத்து வை. மழை வந்து ஆத்துல தண்ணி வந்தா விடு. இன்னிக்கு விட்டா அவங்க ஆயுசு பெருகும்னுவாங்க, அதான்."

இன்று விட்டால் என்ற சொல்தான் அவளைப் பிடித்தது. மழை எப்போது வரும், அதுவரை அவனுக்கு என்ன வரும். வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் உறுமிக்கொண்டு, நுரை தள்ளிக்கொண்டு, இரவு பகல் நிற்காமல். சகாதேவன் குளிக்கப் போனபோது அவள் முழங்கை வரை கையை விட்டு, மஞ்சள் சரட்டைப் பவளத்தின் அடியில், அது கல்லைக் கவ்வியிருந்த இடத்தில் செருகினாள். மிதந்து வந்து அவன் கண்ணில் படக்கூடாது என்று ஒரு முடிச்சும் போட்டாள். கண்ணை மூடி, "இவரு கொறையக் கூடாது, பெருகணும்" என்று கேட்டுக்கொண்டாள். கை விரலை ஏதோ மெல்லச் சப்பியது போலிருந்தது.

பவளம் சரட்டின் மேல் ஏறி வளர்ந்தது. ஒரு மாதத்தில் இரண்டு பங்கு ஆனது. சகாதேவன் மண்டபத்தில்கூட இப்படி ஒரு வளர்ச்சியைப் பார்த்ததில்லை என்றான். மாதம் முடிந்த அந்த வெள்ளிக்கிழமை காலை அதை வெட்டப்போவதாகச் சொல்லி, அவளைப் பீங்கான் தட்டைப் பிடிக்கச் சொன்னான்.

தட்டில் எடுத்து வைத்ததும் அது சுருங்கித் தண்ணீரைக் கக்கியது. சவரப் பிளேடால் நடுவில் அறுத்தான். கொழகொழவென்று சளிபோல ஒன்று வழிந்து அவள் கட்டைவிரலை நனைத்தது.

"அறுத்தா செத்துடாதுங்களா?"

"சாவாது. ரெண்டாவும். ரெண்டும் ஒரே உசுருதான். எது மொதல்ல இருந்தது, எது வெட்டினதுன்னு அதுக்கே தெரியாது." வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிட்டது அவனுக்கு. "ஒட்டிக்க ஒரு எடம் குடுத்துட்டா போதும், வளந்துடும். குடுக்கலன்னா தண்ணில அலைஞ்சிக்கினே இருக்கும். எது படுதோ அதைப் புடிச்சிக்கும்."

பாதியில் பிளேடு நின்றது. எதிலோ மாட்டிக்கொண்டது. அவன் இப்படியும் அப்படியும் இழுத்து அறுத்தான். அறுபட்ட சதை இரண்டாகப் பிளந்தபோது உள்ளே மஞ்சளாக இழை இழையாகத் தெரிந்தது.

"ஏதோ நாரு" என்றான்.

அறுபட்டது சரசுவின் சரடு. அதுதான் அவள் கீழே போட முடியாமல் தூக்கிக்கொண்டு திரிந்தது. அவன் இரண்டு துண்டையும் இரண்டு கல்லில் தையல் நூலால் கட்டித் தண்ணீரில் இறக்கினான். அன்று சாயங்காலம்தான் இரண்டு முறை வந்தான். ஒருவேளை மூன்றாவது முறையும் வரக்கூடும் என்று அவள் இருட்டும்வரை கொண்டியையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி களையும்போது எழுந்து போய்த் தொட்டியைப் பார்ப்பாள். தொட்டி அறையில் நிற்கும்போது வாசலைப் போய்ப் பார்ப்பாள். பகல் பதினொரு மணிக்கு, அவன் கல்லூரியில் இருக்கிற நேரத்தில், கொண்டி விழும். போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். சிமெண்டுத் தரையில் ஈரக் காலடி மட்டும் தொட்டி அறைவரை போய், அங்கிருந்து திரும்பி வராமல் நிற்கும். காய்ந்தபின் அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அவள் துடைப்பாள். மறுநாளும் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு இருவரும் பாயில் சாய்ந்திருந்தார்கள். சுவரோரம் அவன், இந்தப் பக்கம் அவள். அவன் குறட்டை சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கண் சொருகிய நேரத்தில், சுவர்ப் பக்கமில்லாமல் வெளிப்பக்கத்திலிருந்து, ஒரு கை வந்து அவள் இடுப்பின்மேல் விழுந்தது. தெரிந்த கைதான். அதன் எடை தெரியும். ஆனால் குளிர்ந்திருந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. குறட்டையை எண்ணினாள். முப்பத்தெட்டு எண்ணியபின் கை எடுக்கப்பட்டது. சேலையில் அந்த இடம் நனைந்து, காய்ந்து, விறைத்துப்போயிருந்தது.

அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமென்றால் சரட்டைச் சொல்ல வேண்டும். காமாலையிலிருந்து மீண்டவனிடம், என் தாலிச் சரட்டை நீங்களே பிளேடால் அறுத்துவிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வது. தவிர, அவன் இளைத்துக்கொண்டு வந்தான். ஆறு இட்லி தின்கிறவன் மூன்றோடு கை கழுவினான். பேச்சைத் தொடங்கிப் பாதியில் விட்டான். ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் தலை வாரிக்கொண்டே, "கொஞ்ச நாளா நான் பாதிதான் இங்க இருக்கற மாதிரி இருக்குது சரசு" என்று சாதாரணமாகச் சொன்னான். அவள் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளையம்மாள் கேட்ட அன்றுதான் அவளுக்கு நம்பாமல் இருக்க வழியில்லாமல் போயிற்று.

"உங்க ஊட்டுக்காரரு வேலைக்குப் போவலியா? தெனம் பதினொரு மணிக்கு வந்து உங்க சுவத்தைப் பாத்துக்கினு நிக்கறாரு. கூப்ட்டேன், திரும்பல."

"மூஞ்சியைப் பாத்தீங்களாக்கா?"

"முதுவுதான் பாத்தேன். ஏன் சரசு, அவருக்கு ஒடம்பு இன்னும் சரியாவலியா?"

அன்று பகலே சரசு தொட்டிக்குள் கையை விட்டாள். இரண்டு துண்டும் முழுதாகத் தேறி, ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்க்க வேண்டாம் என்கிற மாதிரி நின்றன. மஞ்சள் நுனி இரண்டிலும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. கடுகுக் கைகள் அவள் விரலைத் தொட்டதும் உள்ளே போகவில்லை, பிடித்துக்கொண்டன. ஒரு நுனியை நகத்தில் பற்றி இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள்.

கூடத்தில் சகாதேவன் அலறினான். அன்றைக்கு லீவு போட்டுப் படுத்திருந்தான். ஓடிப் போய்ப் பார்த்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சுருக்குனு இழுத்துச்சு. உள்ளர்ந்து யாரோ புடிச்சி இழுத்த மாதிரி" என்றான். அவள் ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அவன் படுத்தபடியே அடுத்த பேச்சை எடுத்தான். கல்லூரியில் கண்காட்சி வைக்கிறார்கள். பவளத்தைத் துண்டு துண்டாக வெட்டி, வளர்ந்த கணக்கோடு வரிசையாக வைக்கப்போகிறான். ஒன்பது துண்டு.

அப்போது சொல்லிவிட்டாள். சரடு, முடிச்சு, கேட்டுக்கொண்டது, இரண்டு முறை விழுந்த கொண்டி, ஞாயிற்றுக்கிழமைக் கை, எல்லாம். சகாதேவன் சிரிக்கவில்லை. அவள் தலையைத் தடவினான்.

"நான் சாவாம இருக்கணும்னு செஞ்ச. அதுக்குப் போய் அழுவாத."

"வெட்டாதீங்க. எனக்காக."

"சரி, வெட்டல."

செவ்வாய்க்கிழமை வெள்ளையம்மாளோடு பெரிய கோயிலுக்குப் போய், அம்மன் சன்னதியில் நின்று அவன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். திரும்பியபோது மணி ஐந்தரை. தொட்டி அறையில் நாலு விளக்கும் எரிந்தன. பீங்கான் தட்டு கழுவாமல் கிடந்தது. தண்ணீருக்குள் ஒன்பது கல். ஒவ்வொன்றின் மேலும் தையல் நூலால் கட்டிய ஒரு துண்டு, இன்னும் கை முளைக்காமல், சுருங்கி.

சகாதேவன் நாற்காலியில் இருந்தான். முகம் வெளுத்து, விளிம்பெல்லாம் கலங்கினாற்போல் இருந்தது.

"வெட்டலன்னு சொன்னீங்களே."

"நானா? எப்பச் சொன்னேன்?" உண்மையாகவே கேட்டான். அந்தப் பேச்சு நடந்தபோது இருந்தவன் இவன் இல்லை என்பது போல.

அவன் எழுந்து சட்டையை மாட்டினான். "தண்ணி சூடாவுது. ஐஸ் வாங்கினு வரேன். கரண்ட் போனா செம்பால மொண்டு மொண்டு ஊத்து. நிறுத்திட்டீன்னா ஒண்ணுகூடப் பிழைக்காது." வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தான். இன்னும் ஏதோ சொல்ல நினைத்து, அது ஞாபகம் வராமல் போனான். சைக்கிள் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

ஆறேகாலுக்குக் கரண்ட் போயிற்று.

மோட்டார் நின்றது. இத்தனை மாதம் ஓயாமல் கேட்ட உறுமல் போனதும் வீடு காது அடைத்தாற்போல ஆனது. ஜன்னலில் மலை மட்டும், கருத்துக்கொண்டு. சிம்னி விளக்கை ஏற்றித் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். செம்பை எடுத்தாள். ஒரு கணம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஊற்றாவிட்டால் ஒன்றுகூடப் பிழைக்காது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பது. ஆனால் அந்த ஒன்பதில் எது ஐஸ் வாங்கப் போனவன்? எதைச் சாகவிட்டால் அவன் சாகமாட்டான்? அவன் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் யாரிடமும் வேறெதையும் கேட்டதில்லை.

மொண்டாள். உயரத் தூக்கி ஊற்றினாள். மொண்டாள். ஊற்றினாள்.

கொண்டி விழுந்தது. ஸ்டாண்ட். செருப்பு.

"வந்துட்டீங்களா?"

ஈரக் கால் கூடத்தில் நடந்துவந்து அறை வாசலில் நின்றது.

கொண்டி விழுந்தது. ஸ்டாண்ட். செருப்பு.

அவள் திரும்பவில்லை. தண்ணீரையே பார்த்தாள். சிம்னி வெளிச்சத்தில் ஒன்பது துண்டும் கை விரிக்கத் தொடங்கியிருந்தன. வெட்டிய அன்றைக்கே விரியாது என்று அவன் சொல்லியிருக்கிறான்.

கொண்டி. மூன்று.

கருவாட்டு வாடை அறையை நிரப்பியது. மொண்டாள். ஊற்றினாள். நான்கு. ஐந்தாவது வந்தபோது செருப்புச் சத்தம் ஒற்றையாகத்தான் கேட்டது. ஆறாவது நடக்கவில்லை, இழைந்து வந்தது. ஏழு. எட்டு. மூச்சு யாரிடமும் கேட்கவில்லை. தண்ணீர் சொட்டுவது மட்டும். அவள் முதுகுக்குப் பின்னால், பக்கத்தில், காதோரத்தில்.

ஒன்பதாவதாக வந்ததன் கையிலிருந்து ஐஸ் கட்டிப் பை தரையில் விழுந்து சிதறியது.

"சரசு" என்றது ஒன்று. "காப்பி" என்றது இன்னொன்று. குரல் அவனுடையதுதான். ஒன்றுக்குச் சொல்லின் முதல் பாதி இருந்தது, ஒன்றுக்குப் பின்பாதி. பிறகு எல்லாம் சேர்ந்து அவள் பெயரைச் சொல்லப் பார்த்தன. சொல்ல முடியாமல் அலைந்தன. அறையைச் சுற்றி, சுவரைத் தடவி, ஒன்றன்மேல் ஒன்று மோதி, எதையோ தேடி.

செம்பு பிடித்த கையின் மணிக்கட்டில் ஒரு கை வந்து படிந்தது. குளிர்ந்த, தெரிந்த கை. மெல்ல, அன்பாகத்தான் பிடித்தது. அடுத்தது தோளில். அடுத்தது பிடரியில், தாலிச் சரட்டின் மேல். அவள் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து அழுத்தின. ஐந்தோடு நிற்கவில்லை.

பிடி இறுகியது. தோலுக்குக் கீழே எதுவோ வேர்விட்டுக் கவ்விக்கொள்வது சுருக்கென்று தெரிந்தது. இடுப்பில். முழங்காலில். ஒன்பதும் அலைவதை நிறுத்தியிருந்தன.

சரசு இன்னொரு செம்பு மொண்டு ஊற்றினாள்.